குத்துப்பட்ட ரூபாய்

பழைய நாணயங்களை வாங்கி விற்போரின் பட்டியல்களில் அடிக்கடி ஒரு சொல் வருகிறது: ‘சேதமுற்றது’. பதினெட்டாம் நூற்றாண்டின் ஆற்காட்டு ரூபாய் ஒன்று. வெள்ளி சுத்தம், எடை சரி, எழுத்துகள் தெளிவு. ஆயினும் அதன் முகத்தில் நான்கைந்து நுண்ணிய குத்துகள்: ஒரு புள்ளி, ஒரு சிறு நட்சத்திரம், பிறை போல ஒரு கீறல், ஓரத்தில் ஓர் உளித்தடம். இவை இருந்தால் விலை இறங்கிவிடும். குத்தில்லாத ரூபாய் ‘அழகு’, குத்துப்பட்டது ‘சேதம்’. சில மாதங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கில், இளம் ஆய்வாளர் ஒருவர் இத்தகைய காசொன்றைத் திரையில் காட்டிவிட்டு, ‘மன்னிக்கவும், இதைவிட நல்ல பிரதி கிடைக்கவில்லை’ என்றார். அவையில் இருந்த பேராசிரியர்களும் பெருந்தன்மையுடன் தலையசைத்து மன்னித்தார்கள்.

அந்த மன்னிப்பைத்தான் இங்கே எதிர்க்க வந்திருக்கிறேன். அதைவிட நல்ல பிரதி கிடையாது என்பதே என் கட்சி. குத்தில்லாத ரூபாய் யாருடைய பெட்டிக்குள்ளேயோ உறங்கிக் கிடந்த ரூபாய். குத்துப்பட்ட ரூபாயோ ஊர் சுற்றியது, கைமாறியது, சந்தேகிக்கப்பட்டது, சோதிக்கப்பட்டது, தேறியது. வணிக வரலாறு எழுத விழைபவருக்கு இவ்விரண்டில் எது ஆவணம் என்று கேட்க வேண்டிய தேவையே இருக்கக்கூடாது.

அக்குத்துகளை இட்டவர்கள் யார்? சராப்புகள், நோட்டக்காரர்கள், காசு மாற்றுவோர். வெள்ளி முலாம் பூசிய செப்புக்காசு அன்று எங்கும் உலவியது. மேற்பரப்பைக் கண்ணால் பார்த்தோ, கல்லில் உரைத்தோ, தட்டி ஒலி கேட்டோ ஐயம் தீராதபோது சிறு உளியை வைத்து ஒரு தட்டு. உள்ளே செம்பு தெரிந்தால் காசு செல்லாது, வெள்ளியே தெரிந்தால் செல்லும். தேறிய காசின்மேல் சராப்பு தன் அடையாளத்தைக் குத்துவார். ‘நான் பார்த்துவிட்டேன், இதற்கு நான் பொறுப்பு’ என்பதே அதன் பொருள். அவரை நம்புகிற அடுத்தவர் மறுபடி சோதிக்க வேண்டியதில்லை. நம்பாதவர் மீண்டும் ஒரு குத்து வைப்பார். இப்படியே ஒரு காசின்மேல் பல கைகளின் சாட்சியம் படியும். சீன வணிகர்கள் ஸ்பானிய டாலர்மீது இதையே செய்தார்கள். குத்துகள் பெருகிப் பெருகி, வட்டமான டாலர் கிண்ணம்போல் குழிந்து, ஒரு கட்டத்தில் எண்ணிக்கையை விட்டுவிட்டு நிறுத்துக் கொடுக்கும் பண்டமாகவே மாறிப்போனது.

இனி, அரசுகள் செய்தது. முன்பே அச்சாகிவிட்ட பிறநாட்டுக் காசின்மேல் தன் முத்திரையைக் குத்தித் தன்னுடையதாக்கிக்கொள்ளும் வழக்கம் குடியேற்றக் கால வணிகத்தில் பரவலாக இருந்தது. இதை மேல்முத்திரை என்று சொல்லலாம். இலங்கையின் கடற்கரையைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து 1658க்குள் படிப்படியாகப் பிடித்த டச்சுக்காரர்கள், போர்ச்சுக்கீசிய வெள்ளித் தங்காக்களின்மேல் தங்கள் கும்பினியின் வி.ஓ.சி. என்னும் கூட்டெழுத்தைக் குத்திப் புழங்கவிட்டார்கள். (நம் கப்பலோட்டிய தமிழரின் ஆங்கில முதலெழுத்துகளும் அவையே என்பது வரலாறு செய்த குறும்பு.) 1797இல் இங்கிலாந்து வங்கிக்கு வெள்ளிக்காசுப் பஞ்சம் வந்தபோது, ஸ்பானிய மன்னரின் கழுத்தில் மூன்றாம் ஜார்ஜின் குட்டித் தலையை நீள்வட்டமாகக் குத்தி, நான்கு ஷில்லிங் ஒன்பது பென்ஸ் என்று விலைவைத்து வெளியிட்டது. சில மாதங்களிலேயே கள்ள முத்திரைகள் கிளம்பிவிட்டன, காசைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இன்று அந்த இருதலைக் காசைச் ‘சேதம்’ என்று எவரும் எழுதுவதில்லை. ‘நெருக்கடிக் காலச் செலாவணி’ என்று பெயரிட்டுக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.

லண்டனில் குத்தினால் செலாவணி, புதுச்சேரியில் குத்தினால் சேதம். இந்த ஓரவஞ்சனையை நாமே அல்லவா தமிழில் பெயர்த்து எழுதிக்கொண்டிருக்கிறோம்?

இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு நம் சென்னையிலிருந்தே புறப்பட்டுப் போனது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தில் காசு நிற்கவில்லை. வருகிற கப்பலெல்லாம் இருந்த வெள்ளியையும் அள்ளிக்கொண்டு போயின. ஆளுநர் லாக்லன் மக்குவாரிக்காகக் கிழக்கிந்தியக் கும்பினி சென்னையிலிருந்து 40,000 ஸ்பானிய டாலர்களைச் ‘சமரங்’ என்ற போர்க்கப்பலில் அனுப்பியது. 1812 நவம்பரில் அவை சிட்னி சேர்ந்தன. மக்குவாரி ஒவ்வொரு டாலரின் நடுவையும் துளைத்தெடுக்கச் செய்தார். வளையமாக நின்றதன்மேல் நியூ சவுத் வேல்ஸ், 1813, ஐந்து ஷில்லிங் என்ற சொற்கள் ஏறின. வெட்டியெடுத்த நடுத்துண்டு பதினைந்து பென்ஸுக்குத் தனிக்காசாயிற்று. ஓட்டைக் காசை வேறெந்தத் துறைமுகம் வாங்கும்? வெள்ளி ஊரிலேயே தங்கியது. இந்த வேலைக்கு அமர்த்தப்பட்டவர் வில்லியம் ஹென்ஷல், கள்ளக்காசு அடித்ததற்காக இங்கிலாந்திலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதி. அவர் தன் பெயரின் முதலெழுத்தான ‘எச்’ஐ மிகச் சிறிதாக அச்சுக்குள் ஒளித்துவைத்தார். இன்று எஞ்சியிருப்பவை சுமார் 300 வளையக் காசுகள். பல லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு அவை ஏலம் போகின்றன. மக்குவாரியின் பெயர் தாங்கிய ஒரு வங்கி அந்த ஓட்டைக் காசையே தன் சின்னமாக வைத்திருக்கிறது.

ஒரு கள்ளக்காசுக்காரனின் முதலெழுத்தை உருப்பெருக்கி வைத்துத் தேடுகிறது ஒரு நாடு. கள்ளக்காசைக் கண்டுபிடித்துத் தள்ளியவர்களின் குறிகளை அழுக்கென்று துடைக்கிறது இன்னொரு நாடு.

இப்போது ஊருக்கு வருவோம். அரியாங்குப்பத்தில் ஆற்றைக் கடந்தால் புதுச்சேரி. 1736இல் பிரெஞ்சு ஆளுநர் துய்மா, ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கானிடம் ரூபாய் அடிக்கும் உரிமையைப் பெற்றார். அதுவரை கப்பலில் வந்த வெள்ளியைப் பிறரிடம் விற்றுத்தான் ரூபாயாக்க வேண்டியிருந்தது, ஆதாயமும் பிறருக்கே போயிற்று. இனி எல்லாம் புதுச்சேரித் தங்கசாலையிலேயே. அப்படி அச்சான ரூபாய் ஒன்றை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். ஏறத்தாழ 11.4 கிராம் வெள்ளி. ஒரு முகத்தில் தில்லிப் பேரரசர் முகம்மது ஷாவின் பெயர், பாரசீக எழுத்தில். மறுமுகத்தில் அச்சடித்த ஊர்: ஆற்காடு. அடையாளமாக ஒரு பிறை.

எத்தனை பொய்கள் என்று எண்ணிப் பாருங்கள். பேரரசருக்கும் இந்தக் காசுக்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அச்சானது ஆற்காட்டிலும் இல்லை. அடித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், அவர்களுடைய பெயரோ எங்கும் கிடையாது. வெள்ளியோ மெக்சிக்கோவிலும் பெருவிலும் சுரங்கத்தொழிலாளரின் உயிரைக் குடித்து வெளிவந்து, ஸ்பானிய பியாஸ்தராகி, லோரியாங் துறைமுகத்தில் பெட்டி பெட்டியாகக் கப்பலேறி, இங்கே உருகி உருமாறியது. இதே அரசு உள்ளூரில் புழங்கவிட்ட ‘தூது’ என்ற செப்புக்காசில் மட்டும் ‘புதுச்சேரி’ என்று தமிழில் எழுதியது. ஏழைக் காசுக்கு உண்மை போதும், வணிகக் காசுக்குப் பொய் வேண்டும் போலும். அந்த ரூபாயின்மேல் யாரேனும் ஒருவர் தாம் செய்ததையே, தம் கையாலேயே, தாம் பொறுப்பேற்றுப் பதித்தார் என்றால் அவர் குத்து வைத்த சராப்பு ஒருவர்தான். நாம் சேதம் என்று தள்ளும் பகுதியே அக்காசில் உள்ள ஒரே நேர்மையான வாக்குமூலம்.

இப்புதுச்சேரி ரூபாய்கள் தமிழகத்தோடு நிற்கவில்லை. பொன் வராகனும் பணமும் ஆண்ட நம் பகுதியைக் காட்டிலும் வங்கத்தில்தான் ரூபாய்க்கு வேலை அதிகம். சந்திரநாகூருக்குத் துணி வாங்கப் போன வெள்ளியில் இவையும் அடக்கம். வழிநெடுகச் சராப்புகள், வழிநெடுகக் குத்துகள். பயணியின் கடவுச்சீட்டில் விழும் முத்திரைகளைச் சேதம் என்று சொல்வோமா?

அரசர்களின் முத்திரையை ஏன் இந்தக் காசு மாற்றுவோர் நம்பவில்லை என்று கேட்கலாம். நம்பாமல் இருந்ததே அவர்கள் செய்த நல்ல காரியம். உலகமே கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய ஸ்பானிய டாலரை எடுத்துக்கொள்வோம். 1772 வரை அதன் வெள்ளித்தூய்மை ஆயிரத்துக்கு ஏறத்தாழ 917. அவ்வாண்டு மன்னர் மூன்றாம் கார்லோஸ் அதை 903 அளவுக்குக் குறைத்தார். 1786இல் மீண்டும் ஏறத்தாழ 896 ஆக்கினார். குறைப்பு இரகசிய ஆணையால் நடந்தது. முகப்பில் மன்னரின் கம்பீரமான தலை, உள்ளே மாற்றுக் குறைந்த வெள்ளி. ராஜமுத்திரையின் இலட்சணம் இது. தெருமுனையில் தராசும் உரைகல்லும் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தவர் ராஜாவை ஏன் நம்ப வேண்டும்?

தமிழ் படித்தவனுக்கு நாணயத்தில் என்ன வேலை என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். தமிழ் படித்தவனுக்குத்தான் வேலை. நாணயம் என்ற ஒரே சொல்லால் காசையும் நேர்மையையும் சுட்டுகிற மொழி நம்முடையது. காசு நம் மொழியில் ‘செல்லும்’ அல்லது ‘செல்லாது’. அதற்கு நடையுண்டு, நிலைத்த மதிப்பென்று ஒன்றில்லை. 2016 நவம்பர் 8 இரவு ஒரு வினைச்சொல்லின் எதிர்மறை வடிவம் நாட்டையே வரிசையில் நிற்க வைத்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். பொன்னின் தரம் ‘மாற்று’, காசு பார்ப்பது ‘நோட்டம்’, பரிமாற்றத்தில் கழிப்பது ‘வட்டம்’. ‘அவன் நோட்டம் விடுகிறான்’ என்று நாம் திருடனைப் பற்றிச் சொல்வதெல்லாம் சராப்புக் கடையின் பக்கத்தில் வழங்கிய சொல்லேயாகும்.

இன்னும் பின்னே போகலாம். சங்கப் புலவர்களில் வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் இருக்கிறார், வடம வண்ணக்கன் தாமோதரனார் இருக்கிறார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர் கிழான் இருக்கிறார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் இருக்கிறார். வண்ணக்கன் என்பவன் நாணய நோட்டம் பார்ப்பவன். காசின் மெய்யும் பொய்யும் அறிந்தவர்கள் பாடிய பாட்டுகளைத் தொகையில் சேர்த்து, அவர்களுடைய தொழிலையும் பெயரோடு சேர்த்துக் காத்தது பழந்தமிழ்ச் சமூகம். வகுப்பில் இந்தப் பெயர்களைப் படிக்கும் மாணவர்கள் ‘வண்ணக்கன்’ என்பதை வண்ணத்தோடு தொடர்புபடுத்திச் சாயக்காரன் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் அடைமொழியைத் தாண்டி ஓடுகிறோம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானதுதான். சராப்புகள் என்ன தருமவான்களா? வட்டம் என்ற பெயரில் ஏழைக் குடியானவனையும் நெசவாளியையும் உறிஞ்சியவர்கள் அல்லவா? உறிஞ்சினார்கள். வங்கத்தில் புது ரூபாய் ஓரிரு ஆண்டுகளிலேயே ‘பழைய’தாகிக் கழிவுக்கு உள்ளாயிற்று. ஒரு சராப்பின் குத்து காசுக்கு நம்பிக்கையைக் கூட்டியது என்றால், பத்துச் சராப்புகளின் குத்து அதே காசைக் கழிவுக்குத் தள்ளியது. குத்தியவர்களே குத்தைக் காரணம் காட்டி வட்டம் பிடித்தார்கள் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. துணி நெய்து கொடுத்துவிட்டுக் கை நீட்டியவனிடம் வந்து சேர்ந்தது பெரும்பாலும் இந்தக் கழிவுக்காசுதான். நான் இங்கே சராப்புக்குக் கோயில் கட்டச் சொல்லவில்லை. அவர் கையெழுத்தை அழிக்காதீர்கள் என்கிறேன். அநியாய வட்டிக்காரனின் கடன்பத்திரத்தைக்கூட வரலாற்று ஆவணம் என்று பாதுகாக்கிறோம், அவனுடைய குத்துக்கு மட்டும் என்ன தீட்டு?

மேலும், சராப்பை ஒட்டுண்ணி என்று முதலில் உரத்துச் சொன்னவர்கள் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். கும்பினி அதிகாரிகள். வங்கத்தில் அவர்கள் ஷா ஆலத்தின் 19ஆம் ஆட்சியாண்டையே எல்லா ரூபாயிலும் நிரந்தரமாகப் பொறித்து, காசுக்கு வயதே ஏறாதபடி செய்தார்கள். நல்ல தந்திரம்தான், வட்டத்தின் வேரில் ஒரு வெட்டு. பிறகு 1835ஆம் ஆண்டின் 17ஆவது சட்டம்: இனிக் கும்பினியின் நாடெங்கும் ஒரே ரூபாய், எடை 180 கிரெயின், அதில் 165 கிரெயின் தூய வெள்ளி, இயந்திர அச்சு, நான்காம் வில்லியமின் தலை. பாடநூல்கள் இதைச் சீர்திருத்தம் என்கின்றன. குடியானவனுக்கு அதில் ஓரளவு நிம்மதி இருந்ததை மறுக்கவில்லை. ஆனால் ‘இது நல்ல காசா’ என்று சொல்லும் உரிமை அன்றோடு கடைத்தெருவிலிருந்து தங்கசாலைக்குப் போய்விட்டது. காசைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன ஒரு முழுத் தொழிலும் அதன் கலைச்சொற்களும் மெல்ல மெல்ல மறைந்தன. அந்த வெற்றியாளர்களின் கண்ணால் பார்ப்பதால்தான் குத்து நமக்குச் சேதமாகத் தெரிகிறது.

எங்கள் ஊர்க்காரர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அரியாங்குப்பம் என்றால் அரிக்கமேடு. அரிக்கமேடு என்றால் ரோமானியர். காக்காயந்தோப்பில் கிடைத்த ஒரு மணிக்கல்லில் அகஸ்டஸ் சீசரின் தலையைக் கண்டதாக ழுவோ துப்ரேய் 1937இல் கருதியதிலிருந்து எங்களுக்குத் தலை கால் புரியவில்லை. 1945இல் வீலர் வந்து தோண்டியபின் கேட்கவே வேண்டாம். விழா மேடைதோறும் ‘ரோமப் பேரரசனே நம் ஊரைத் தேடி வந்தான்’ என்ற முழக்கம். சரி. ஆனால் 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலைப் பற்றி அம்மேடைகளில் எவரும் பேசக் கேட்டதில்லை. 501 ரோமானியப் பொற்காசுகள். அவற்றில் மிகப் பெரும்பான்மையானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே ஓர் உளிவெட்டு. காசைச் செலாவணியிலிருந்து விலக்கவா, உள்ளே பொன்தானா என்று பார்க்கவா, அந்த வெட்டு எதற்காக என்பதில் அறிஞர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அவை பொன், என் பொருள் வெள்ளி, காலமும் வேறு. ஆயினும் மனப்பான்மை ஒன்றே. சீசரின் முகத்துக்காகக் கைதட்டுகிறோம். அந்த முகத்தில் உளியை வைத்த, அநேகமாக இந்தப் பக்கத்து மனிதனை விழாவுக்கு அழைப்பதே இல்லை.

இலக்கியவாதிகளாகிய நம்மையும் விட்டுவைப்பதற்கில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 செப்டம்பரில் தொடங்குகிறது, அதாவது புதுச்சேரி ரூபாய் பிறந்த அதே ஆண்டில். 1761 ஜனவரியில், நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாள் முன்பு, அவர் இறக்கிறார். வணிகர், துபாஷ், காசின் நாடியைப் பிடித்துப் பார்த்தே வாழ்ந்தவர். கப்பலில் வந்த வெள்ளி, தங்கசாலை, வராகன், ரூபாய் என்று அவர் எழுதிக்கொண்டே போகிறார். நாம் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டு, துய்ப்ளேக்ஸ் மனைவியின் அதிகாரமும் கோயில் இடிப்பும் நவாபுகளின் வருகையும் எங்கே என்று தேடுகிறோம். பிரபஞ்சன் அந்நாட்குறிப்பின் உலகை ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்று இரு நாவல்களாக்கினார், பின்னதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. அவர் செய்தது பெரிய காரியம். அவரைப் படித்துவிட்டு நாம் என்ன செய்தோம்? பிள்ளையின் உரைநடையில் பேச்சுவழக்கு எத்தனை சதவீதம் என்று ஆய்வேடு எழுதினோம். அந்நடையில் வரும் பணச்சொற்களுக்கு ஓர் அகராதி, அப்பணத்தின்மேல் விழுந்த குத்துகளுக்கு ஒரு படப்பட்டியல், இரண்டையும் தமிழில் நான் கண்டதில்லை. வட்டெழுத்தையும் கல்வெட்டையும் வாசிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். ஒரு விரலின் நுனியளவு வெள்ளியில் ஏழெட்டுப் பேர் எழுதிய வாசகத்தை வாசிக்க அவர்களில் இருவர் இறங்கினால் போதும்.

காத்திருக்க நேரமும் அதிகமில்லை. எங்கள் தெருவில் ஒரு மூதாட்டியின் காசுமாலையில் இத்தகைய ரூபாய்கள் ஆறு கோத்திருந்தன. பேத்தியின் திருமணத்துக்காக ஒரு நகைக்கடைக்குப் போன அவை அன்று மாலையே உருகிப் போயின. எடைக்கு வெள்ளி விலை போட்டார்கள், குத்துப்பட்டது என்பதால் அதிலும் சிறிது கழித்தார்களாம். வட்டம் பிடிக்கும் மரபு மட்டும் செத்துப்போகவில்லை.

இங்கே வாசிக்கும் நண்பர்களின் வீட்டில், பாட்டியின் பெட்டியிலோ பூசைத்தட்டிலோ பழைய வெள்ளி ரூபாய் இருந்தால் புளி போட்டுத் துலக்காதீர்கள். பற்பசையும் வேண்டாம். சன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சம் சாய்வாக விழும்படி திருப்பி, இரு முகங்களையும் விளிம்பையும் தனித்தனியே படம் எடுங்கள். எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு அது எந்த ஊரிலிருந்து, யார் வழியாக வந்தது என்று பெரியவர்களிடம் இன்றைக்கே கேட்டு எழுதிவையுங்கள். குத்துகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், நட்சத்திரமா, பிறையா, வெறும் புள்ளியா என்று. படங்களை எனக்கும் அனுப்பலாம், முதல் பட்டியலை நானே தொடங்குகிறேன்.